துறை காவல்



ஊர்காவற்றுறை என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே, ஊரைக் காக்கும் துறை என்றொரு பொருள் நம் மனத்திலே தோன்றுகின்றது. பழைய சாசனத்திலே அவ்விடம் ஊராத்துறை என்று வழங்கப்பட்டிருத்தலின், காவல் என்னும் சொல் பின்னர் வந்து புகுந்ததென்று கருதுவோரும் உளர். கயிற்ஸ் என ஆங்கிலத்தில் வழங்கும் பெயரோ போர்த்துக்கீசர் விட்டுச்சென்றது. கப்பல் அணையும் மேடையைக் குறிக்கும் அவர்தம் சொல்லின் திரிபு. பெயர் எவ்வாறு வந்ததாயினும், துறை என்றால் அதற்குக் காவல் வேண்டும் என்பதை அத்தீவினர் நெடுங்காலமாக அறிந்தவர்கள்.

கணனிக்கும் துறைகள் உண்டு. ஒரு கணனி பிற கணனிகளோடு பேசுவதற்கென 65,535 வரை எண்ணிடப்பட்ட வாயில்கள் அதனிடத்தே இருக்கின்றன. அவற்றைத் தமிழிலே துறை என்று மொழிபெயர்த்தவர் யாரோ, நல்ல காரியம் செய்தார். அத்துறைகளைக் காக்கும் ஏற்பாட்டுக்குத் தீச்சுவர் என்று பெயர். தனித்து நிற்கும் கணனிக்குத் தீச்சுவர் கட்டுவது எளிது. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று எழுந்து அதே பணியைத் தொடருமாறு இணைக்கப்பட்ட சேவையகக் கணனிகளுக்கு, அஃதாவது ஒரு கொத்தணிக்கு, அதனைக் கட்டுவது அத்துணை எளிதன்று. அங்கே காவலே கேடாய் முடிவதும் உண்டு. இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

முதலிலே நயினாதீவுக்கு ஒருமுறை சென்று வருவோம். அங்குள்ள நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே தமிழ்ச் சாசனம் ஒன்று இருக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பிறப்பித்த கட்டளை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழிலே அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும், பல துறைகளிலிருந்தும் வணிகர் நம் துறைக்கு வரவேண்டும் என்பது அக்கட்டளையின் ஒரு பகுதி. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வாணிபப் பொருள் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு என்பது மற்றொரு பகுதி.

இதனை ஒரு கணனிப் பொறியியலாளர் படிப்பாராயின், தமக்கு நன்கு பழக்கமான ஒன்றைப் படிப்பதாகவே உணர்வார். வருவது யார், எங்கிருந்து வருகிறார், எத்துறைக்கு வருகிறார், என்ன கொண்டுவருகிறார், அவ்வாறு வந்தால் செய்யவேண்டியது யாது என்ற வினாக்களுக்கு விடை கூறுவதே தீச்சுவர் விதியின் வேலை. பராக்கிரமபாகுவின் விதி, வருபவரைத் தடுப்பதற்கு மட்டும் எழுந்ததன்று என்பதையும் கவனிக்கவேண்டும். வரவேண்டியவர் அச்சமின்றி வருவதற்காகவும் அது எழுந்தது. தீச்சுவர் என்றால் அடைப்பதற்கென்றே இருப்பது என்று எண்ணுவோர் பலர். கொத்தணிகளுக்கு நேரும் இடர்களிற் பெரும்பாலானவை அவ்வெண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

தீச்சுவர் வேலை செய்யும் முறையைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். கணனிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றது. ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, எந்த நெறிமுறையிற் செல்கின்றது, எத்துறைக்குச் செல்கின்றது என்பன எழுதப்பட்டிருக்கும். 1988ஆம் ஆண்டு நவம்பரிலே, மொறிஸ் என்னும் மாணவர் எழுதிய புழு நிரல் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணனிகள் பலவற்றை முடக்கிய பின்னர், இம்மேலெழுத்தைப் பார்த்து வடிகட்டும் முறையிலே உலகம் மிகுந்த அக்கறை கொண்டது. லினக்ஸ் இயங்குதளத்திலே 2001 முதல் ஐபிடேபிள்ஸ் என்னும் கருவியும், 2014இல் அதனிடத்துக்கு வந்த என்எப்டேபிள்ஸ் என்பதும் இப்பணியைச் செய்கின்றன. விதிகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படிக்கப்படும். பொருந்தும் முதல் விதியே தீர்ப்பு. ஆதலின், எல்லாவற்றையும் மறு என்ற விதியை மேலே எழுதிவிட்டு, இன்னாரை அனுமதி என்று கீழே எழுதுவதாற் பயன் ஏதும் இல்லை. ஓப்பன்பிஎஸ்டி என்னும் இயங்குதளத்தின் தீச்சுவரிலோ வழக்கம் தலைகீழ். அங்கே பொருந்தும் கடைசி விதியே செல்லும். ஒன்றிற் பழகியவர் மற்றொன்றுக்குச் செல்லும்போது இதனை மறவாதிருத்தல் நன்று.

இனிக் கொத்தணிக்கு வருவோம். நெடுந்தீவாருக்கு இதனை விளக்கவேண்டிய அவசியம் இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம் அவர்களுடையது. குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற படகுகளின் பெயர்கள் அத்தீவில் வீட்டுப்பிள்ளைகளின் பெயர்கள் போல வழங்குவன. ஒரு படகு பழுதுபட்டால் மற்றொன்று இல்லையெனில் நோயாளிக்கு வைத்தியசாலை இல்லை, ஆசிரியருக்குப் பாடசாலை இல்லை. மின்சாரத்திலும் இதே எண்ணம் இப்போது செயற்படுகின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமென இந்திய நன்கொடையுடன் 2024ஆம் ஆண்டு மார்ச் 1ஆந் திகதி ஒப்பந்தம் செய்யப்பட்ட கலப்பு மின்திட்டத்திலே, 1,700 கிலோவாற்று சூரிய மின்னும், 530 கிலோவாற்று காற்று மின்னும், 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலங்களும், இவையெல்லாம் கைவிட்ட நேரத்துக்கென 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரங்களும் வகுக்கப்பட்டுள்ளன. ஒன்று தவறினால் ஒன்று. கொத்தணி என்பதன் தத்துவம் அவ்வளவே.

ஆனால் படகுக்கும் கணனிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. குமுதினி ஓடவில்லை என்பதைத் துறைமேடையில் நிற்பவர் கண்ணாற் காண்பார். ஒரு கணனி மற்றொரு கணனியைக் கண்ணாற் காண முடியாது. ஆகையால் கொத்தணியிலுள்ள கணனிகள், யான் இருக்கின்றேன், யான் இருக்கின்றேன் என்று ஒன்றுக்கொன்று இடைவிடாது சொல்லிக்கொண்டிருக்கின்றன. வினாடிக்கு ஒருமுறையோ அதனினும் விரைவாகவோ செல்லும் இச்சிறு செய்திக்கு இதயத்துடிப்பு என்று பெயர். துடிப்பு சில வினாடி கேளாதொழிந்தால், தோழன் இறந்துவிட்டான் என்று மற்றைய கணனி முடிவுசெய்து, அவனுடைய பணியைத் தான் ஏற்றுக்கொள்ளும்.

துடிப்பு கேளாமைக்குத் தோழன் இறந்தமை மட்டுந்தானா காரணம்? இடையிலே நிற்கும் தீச்சுவர் அதனை அனுமதியாதிருந்தாலும் கேளாது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல்வாயில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையை நேயர்களிற் பலர் படகிலிருந்து பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கீசர் கட்டியது, கப்பல்வாயிலைக் காப்பதற்கு அதனினும் சிறந்த இடம் வாய்ப்பது அரிது. 1658இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டனர். உள்ளிருந்தோருக்குக் குடிநீர் இல்லாது போயிற்று, கோட்டை பணிந்தது. பகைவன் வராதபடி சுற்றிலும் கடல் இருந்தது. நீர் வருவதற்கும் அதே கடல் தடையாயிற்று. நாற்புறமும் அடைத்துவிட்டு, கொத்தணியின் உள் உறவுக்கு வழிவிட மறந்த தீச்சுவர் அக்கோட்டையைப் போன்றதே. வெளியிலிருந்து ஒரு பகைவனும் வராமலே அது தன்னைத்தான் வீழ்த்திக்கொள்ளும்.

எவ்வாறு வீழ்த்திக்கொள்ளும் என்பதை ஓர் உதாரணத்தாற் காட்டுவேன். இது கற்பனை. தீவுகளின் வைத்தியசாலைகளுக்கென நோயாளர் குறிப்பேடு ஒன்றைக் கணனியில் வைப்பதாகக் கொள்வோம். ஊர்காவற்றுறையில் ஒரு சேவையகம், நெடுந்தீவில் ஒரு சேவையகம். இரண்டிலும் ஒரே குறிப்பேட்டின் படி இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றே தலைமை வகிக்கும். மற்றையது அதனைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். இப்போது நெடுந்தீவுக் கணனியின் தீச்சுவர் விதியை எவரோ திருத்துகிறார். துடிப்பு நின்றுபோகிறது. ஊர்காவற்றுறையில் உள்ளது தலைமையை விடவில்லை. அதற்குக் காரணமும் இல்லை. நெடுந்தீவில் உள்ளதோ, தலைவன் இறந்தான் என்று எண்ணித் தானும் தலைமை ஏற்கின்றது. இரண்டும் தத்தம் குறிப்பேட்டில் எழுதத் தொடங்குகின்றன. நெடுந்தீவில் ஒரு பெண்ணுக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்று அன்று பகல் எழுதப்படுகின்றது. மாலையில் நோய் கடுமையாகிப் படகிலே கொண்டுவரப்படுகின்றாள். இக்கரையில் வைத்தியர் திறந்து பார்க்கும் குறிப்பேட்டிலே அவ்வரி இல்லை.

இந்நிலையைப் பொறியியலாளர் மூளை பிளவுபடுதல் என்பர். சேவை நின்றுபோவது தீமைதான்; ஆயினும் நின்றது என்பது எல்லாருக்கும் தெரியும், வைத்தியர் நோயாளியின் உறவினரை நேரே கேட்டறிந்துகொள்வார். இரண்டு தலைமைகள் தோன்றுவதோ எவருக்கும் தெரியாமல் நடக்கும் தீமை. பின்னர் இரு குறிப்பேடுகளையும் ஒன்றாக்குவது கையால் செய்யவேண்டிய வேலை. எது மெய், எது பழையது என்று கணனி கூறமாட்டாது. ஆகவே, கொத்தணிக்குத் தீச்சுவர் விதி எழுதுபவர், பகைவனை எவ்வாறு தடுப்பேன் என்று கேட்பதற்கு முன்னர், துடிப்பு எவ்வழியாகச் செல்கின்றது என்று கேட்கவேண்டும்.

அவ்வழிகள் யாவை? இங்கே சற்று எண்களைக் கூறவேண்டியிருக்கின்றது, நேயர்கள் பொறுத்தருள்க.

இரு கணனிகள் ஒரே முகவரியை மாறிமாறி ஏந்துவதற்கு விஆர்ஆர்பி என்னும் நெறிமுறை பரவலாக வழங்குகின்றது. 1998இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்டது; லினக்ஸிலே கீப்அலைவ்டு என்னும் நிரல் இதனைக் கையாளுகின்றது. இது எந்தத் துறையின் வழியாகவும் செல்வதில்லை. டிசிபி, யூடிபி என்பன போல இதுவும் ஐ.பி.யின் மேல் நேரே அமரும் தனி நெறிமுறை; அதன் எண் 112. துறை 112ஐத் திறந்துவிட்டு, ஏன் இன்னும் இரு கணனிகளும் தலைமை கொண்டாடுகின்றன என்று வியப்போர் உளர். துறையைத் திறந்தது வீண்; நெறிமுறை எண்ணையே அனுமதிக்கவேண்டும். மேலும், இச்செய்தி 224.0.0.18 என்ற குழுமுகவரிக்கு அனுப்பப்படுவதாகையால், பெறுபவர் இடத்திலே தோழனின் முகவரியை மட்டும் எழுதிய விதியிலே இது பொருந்தாது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. தொடக்கத்தில் இந்நெறிமுறையில் கடவுச்சொல் போன்ற ஓர் அடையாளம் இருந்தது. பயன் குறைவென்று 2004இல் வந்த திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. ஆகவே ஒரே வலையமைப்பிலுள்ள எந்தக் கணனியும், என் முதன்மையே பெரிது என்று அறிவித்துத் தலைமையைக் கவர முயலலாம். இதனைத் தடுப்பது தீச்சுவரின் கடமை. நெறிமுறை 112ஐத் தோழர்களின் முகவரியிலிருந்து வந்தால் ஏற்று, பிறரிடமிருந்து வந்தால் மறுத்துவிட வேண்டும். பிறநாட்டார் வரலாம் என்ற அரசனும், எல்லாரையும் பண்டாரத்துக்குள் விடச் சொல்லவில்லை அன்றோ?

பெரிய கொத்தணிகளிலே கொரோசிங்க் என்பது துடிப்பைச் சுமக்கின்றது. பேஸ்மேக்கர் என்பது எப்பணி எங்கே நடக்கவேண்டும் என்று தீர்மானிக்கின்றது. இதயத்துக்குப் பொருத்தும் கருவியின் பெயரையே இதற்கும் இட்டிருக்கின்றார்கள். கொரோசிங்கின் துடிப்பு யூடிபி 5404 தொடங்கி 5412 வரையுள்ள துறைகளிற் செல்லும். நிர்வாகக் கருவி டிசிபி 2224இல் பேசும். கொத்தணியின் முழு உறுப்பினராகாது தொலைவில் நின்று பணிசெய்யும் கணனிகளுக்கு டிசிபி 3121. ரெட் ஹாட் வழிவந்த லினக்ஸ் வகைகளிலே இவையாவற்றையும் ஒரே பெயரின் கீழ்த் தொகுத்து, உயர்கிடைப்புச் சேவை என்று ஒரு சொல்லால் திறக்கும் வசதி இருக்கின்றது. வசதியானதுதான். ஆனால் அச்சொல்லை அப்படியே பொதுமக்கள் வரும் பக்கத்துக்கும் கூறிவிட்டால், 2224ஆம் வாயில் உலகுக்கே திறந்து கிடக்கும். உள்ளுறவுக்கெனத் தனி வலைத்தொடுப்பு ஒன்றை வைத்து, இத்துறைகளை அத்தொடுப்பில் மட்டும், தோழர் முகவரிகளுக்கு மட்டும் திறப்பதே என் கருத்தில் முறையானது.

குறிப்பேட்டின் படிகள் ஒத்திருக்க வேண்டுமாயின் தரவுத்தளமும் தோழனோடு பேசவேண்டும். போஸ்ட்கிறெஸ் என்றால் 5432. கலேரா என்னும் முறையென்றால் 3306 மட்டும் போதாது. 4567, 4568, 4444 என்பனவும் வேண்டும். இவற்றுள் 4444ஐ மறப்பவர் மிகப் பலர். காரணம், அது நாளாந்தம் பயன்படுவதன்று. கணனி ஒன்று நெடுநேரம் விலகியிருந்து மீண்டும் வந்து சேரும்போது, முழுப் படியையும் புதிதாகப் பெறுவதற்கே அது பயன்படும். எல்லாம் நன்றாக நடக்கும் நாளிலே அக்குறை வெளிப்படாது. வீழ்ந்த கணனியை எழுப்பும் நாளிலேதான் வெளிப்படும்.

மூளை பிளவுபடுவதைத் தடுக்க இரண்டு உபாயங்கள் உண்டு. இரண்டுக்கும் தீச்சுவரின் தயவு வேண்டும். முதலாவது, கூட்ட நடப்பெண். நமது பிரதேச சபைகளிலே போதிய உறுப்பினர் வராவிடிற் கூட்டம் நடவாது. கொத்தணியும் அவ்வாறே, பெரும்பான்மையோர் ஒருவரையொருவர் கேட்கக்கூடிய பக்கமே தலைமை ஏற்கும். ஆனால் இருவரே உள்ள சபையில் பெரும்பான்மைக்கு எங்கே போவது? ஆதலின் மூன்றாமவர் ஒருவர் சாட்சியாக வேண்டும். நம் உதாரணத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சிறு கணனியை வைத்துவிடலாம். அது குறிப்பேடு வைத்திருக்க வேண்டியதில்லை. யாருடைய குரல் கேட்கின்றது என்று சொன்னாற் போதும். கொரோசிங்கிலே இச்சாட்சிக்குரிய துறை டிசிபி 5403. இச்சாட்சிக்குச் செல்லும் பாதை, ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் பாதையோடு ஒன்றாக இருக்குமாயின் சாட்சியாற் பயனில்லை. அப்பாதை அற்றால் இரண்டும் ஒருங்கே அறும்.

இரண்டாவது உபாயம் வேலியடைத்தல் எனப்படும். துடிப்பு கேளாத தோழன் உண்மையில் இறந்தானோ, அல்லது உயிரோடிருந்து இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றானோ என்ற ஐயத்தைத் தீர்க்க, அவனுடைய மின்சாரத்தையே துண்டித்துவிடுவது. கொடிய வழிதான், ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத வழி. ஐபிஎம்ஐ என்னும் முகாமைத் தொடுப்பின் வழியாக, யூடிபி 623ஆம் துறையில் இக்கட்டளை செல்லும். அத்துறை அடைபட்டிருந்தால், வேலியடைக்க முயன்று முயன்று தோற்கும் கொத்தணி, தலைமையை ஏற்காமல் நின்றுவிடும். அத்துறை எல்லாருக்கும் திறந்திருந்தாலோ, வலையமைப்பில் நுழைந்த எவரும் நம் கணனிகளை அணைக்க முயலலாம். நெடுந்தீவிலே பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளைப் பார்த்தவர்கள், வேலி என்பது உறுதியாகவும் இருக்கலாம், காற்றுப் புகவும் விடலாம் என்பதை அறிவார்கள். இருவரே உள்ள கொத்தணியில் துடிப்பு அற்றவுடன் இருவரும் ஒருங்கே ஒருவர் மின்சாரத்தை ஒருவர் துண்டிப்பதும் உண்டு. யாழ்ப்பாணத்து வேலிச் சண்டையை அறிந்த நமக்கு அது புதுமையன்று. ஒருவருடைய கட்டளை சில வினாடி தாமதித்துச் செல்லுமாறு முன்னரே அமைத்துவிட்டால் சண்டையில் ஒருவராவது தப்புவார்.

தீச்சுவரே கொத்தணியாக அமையும் இடங்களும் உள. இன்றைய தீச்சுவர், நடந்துகொண்டிருக்கும் உரையாடல்களை நினைவிற் கொள்வது. உள்ளிருந்து கேட்ட வினாவுக்கு வெளியிலிருந்து வரும் விடையை, தனி விதி இல்லாமலே அனுமதிப்பது. ஒரு தீச்சுவர் வீழ்ந்து மற்றையது எழும்போது, அந்நினைவு அதனிடம் இராது. நடுவழியில் இருந்த உரையாடல்களை எல்லாம் அது முன்பின் அறியாதவையாகக் கருதித் தடுத்துவிடும். இதற்கெனவே நினைவேட்டைத் தோழனுக்கு நொடிக்கு நொடி அனுப்பும் ஏற்பாடுகள் உள்ளன. லினக்ஸில் கொன்ட்ராக்டி என்பது. ஓப்பன்பிஎஸ்டியில் பிஎப்சிங்க் என்பது. பின்னையது தனி நெறிமுறை, எண் 240. இவை செல்லும் கம்பியும் தனியாக இருத்தல் வேண்டும். ஏனெனில், யார் யாரோடு பேசுகிறார் என்ற விவரம் முழுவதும் அதிற் செல்கின்றது.

பொது முகவரியைப் பற்றியும் ஒரு சொல். கொத்தணியின் சேவையை நாடுவோர் ஒரே முகவரிக்கு வருவர். அம்முகவரி தலைமை வகிப்பவரோடு இடம் பெயரும். விதியிலே கணனியின் சொந்த முகவரியை மட்டும் எழுதினவர், முகவரி பெயர்ந்த அன்று வாயில் அடைபட்டிருக்கக் காண்பார். இரு கணனிகளிலும் இரு முகவரிகளுக்கும் விதி இருத்தல் வேண்டும். இரு கணனிகளின் விதிகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். அவசரத்துக்கு ஒன்றில் மட்டும் திருத்தி, மற்றதிற் பிறகு செய்வோம் என்று விடுவது வழக்கமாகிவிட்ட தீமை. விதிகளை ஒரே மூலத்தில் எழுதி, அங்கிருந்து இரண்டுக்கும் அனுப்புவதே தக்கது. ஐ.பி. ஆறாம் பதிப்புக்குரிய விதிகளை எழுதாமலே விட்டுவிடுவோரையும் காண்கின்றோம். முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்து விடுவதற்கு இது ஒப்பாகும்.

தீச்சுவரும் கொத்தணியும் சேர்ந்தாற் கவலை இல்லை என்று எண்ணலாகாது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே இலங்கை அரசின் மேகக் கணனியைக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் ஒன்று தாக்கியது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்கப்படாமற் போயின. அக்காலத்துக்குரிய, வலையமைப்பிலிருந்து விலக்கி வைத்த படி இல்லாமையே காரணம். கொத்தணியிலே ஒரு கணனியில் எழுதியது மறுகணமே மற்றையதிலும் எழுதப்படும். கெடுதியும் அவ்வாறே எழுதப்படும். மாற்றுக் கணனி வேறு, பாதுகாப்புப் படி வேறு. பிந்தியது எத்தீச்சுவர் விதியாலும் எட்டமுடியாத இடத்தில், கம்பி கழற்றி வைக்கப்படவேண்டியது.

இனி, எழுதிய விதியைச் சோதிப்பது. கொத்தணி ஒன்றுசேர மறுக்கும்போது, தீச்சுவரை நிறுத்திப் பாருங்கள் என்று ஆலோசனை கூறுவோர் அதிகம். நிறுத்தியவுடன் சேர்ந்துகொள்ளும், வேலை முடிந்ததென்று வீட்டுக்குச் சென்றுவிடுவார்கள், தீச்சுவர் நின்றபடியே இருக்கும். அதைவிட, தடுக்கப்படும் பொதிகளைப் பதிவேட்டில் எழுதுமாறு கடைசி விதிக்கு முன் ஒரு விதி சேர்த்து, எது தடுக்கப்பட்டது என்று படித்து, அதற்கு மட்டும் வழிவிடுவது அரைமணி நேர வேலை.

தொலைவிலிருந்து விதியைத் திருத்துவோர், தம்மைத் தாமே வெளியே பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பட்டினத்திலே அது நேர்ந்தால் ஒரு துவிச்சக்கர வண்டிப் பயணம். நெடுந்தீவிலுள்ள கணனிக்கு அது நேர்ந்தால் குறிகட்டுவானுக்குச் சென்று படகுக்குக் காத்திருக்கவேண்டும். கார்த்திகை மாரியிலே கடல் கொந்தளித்தால் மறுநாளும் காத்திருக்கவேண்டும். ஐபிடேபிள்ஸ்-அப்ளை என்றொரு சிறு கருவி இருக்கின்றது. புதிய விதியை இட்டுவிட்டு, இணைப்பு இருக்கின்றதா என்று கேட்கும். குறித்த நேரத்துக்குள் விடை வராவிட்டால் பழைய விதியையே மீண்டும் நிறுவிவிடும். தீவுகளில் வேலை செய்வோர் அதன்றி விதி திருத்தலாகாது.

சோதனையை இரு திசையிலும் செய்யவேண்டும். ஊர்காவற்றுறை சொல்வது நெடுந்தீவுக்குக் கேட்டு, நெடுந்தீவு சொல்வது ஊர்காவற்றுறைக்குக் கேளாத நிலை, இரண்டும் கேளாத நிலையினும் கண்டறிதற்கு அரியது. முதலில் ஒரு கணனியின் மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கவேண்டும். அடுத்து மின்சாரத்தை விட்டுவிட்டு வலைக்கம்பியை மட்டும் கழற்றிப் பார்க்கவேண்டும். முன்னையதில் தேறிய கொத்தணி பின்னையதில் தோற்பதுண்டு, ஏனெனில் இப்போது தோழன் உயிரோடிருக்கின்றான். மூன்றாவதாக, கம்பியையும் தொடாமல், துடிப்பு செல்லும் துறையை மட்டும் தீச்சுவரில் அடைத்துப் பார்க்கவேண்டும். இறுதியாக இரு கணனிகளையும் ஒருங்கே நிறுத்தி, மீண்டும் எழுப்பி, விதிகள் தாமாகவே வந்து அமர்கின்றனவா, கொத்தணி எழுமுன் அமர்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கையால் இட்ட விதி, சேமியாவிட்டால், கணனி மறுபடி எழும்போது இராது. பராக்கிரமபாகு தம் விதியைக் கல்லிலே வெட்டுவித்தார். நாம் கோப்பிலே எழுதி, அக்கோப்பு எழுகையில் படிக்கப்படுமாறு ஒரு கட்டளையும் இட்டுவைக்கவேண்டும்.